குழலை எப்படி ஊதுவது?

கேள்வி: நியூயார்க்கில் ஆற்றுக்கு அடியில் கார் போகும் சுரங்கம் இருப்பதாக என் எட்டு வயது மகளிடம் சொன்னேன். 'தண்ணீர் ஒழுகாதா?' என்கிறாள். குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சுரங்கம் என்று எழுதிவிட்டீர்கள் அம்மா, இனி என் மீது பழி இல்லை. வடமொழியில் அது 'சுருங்கா'. அதற்கு மூலம் கிரேக்கத்தின் 'சிரிங்க்ஸ்' என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அதற்குப் பொருள் ஊதுகிற குழல். டாக்டர் கையில் இருக்கும் சிரிஞ்சும் அதே குடும்பம்தான். முன்பு ஒருமுறை இதை இந்தப் பக்கத்தில் எழுதி வாங்கிய வசவுகளை ஒரு செருப்புப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். மதுரையில் யானைக் கூட்டம் போன 'சுருங்கை வீதி' சிலப்பதிகாரத்திலேயே இருக்க, கிரேக்கனிடம் எதற்குக் கடன் என்று பொங்கினார் ஒரு புலவர். யானை போனதை நான் மறுக்கவில்லை ஐயா, சொல் எந்த வழியாக வந்தது என்றுதான் சொன்னேன் என்று பதில் போட்டேன். அடுத்த கடிதத்தில் என் பரம்பரை எந்த வழியாக வந்தது என்று விசாரித்திருந்தார்.

தண்ணீர் விவகாரம் எளிது. ஹட்சன் ஆற்றின் கீழ், நீர்மட்டத்திலிருந்து 93 அடி ஆழம் வரை இறங்கிப் போகிறது ஹாலந்து சுரங்கம். படுகைச் சேற்றுக்குள் ஒரு பெரிய இரும்புக் கவசத்தைத் தள்ளிக்கொண்டே, அதன் பின்னால் வார்ப்பிரும்பு வளையங்களைப் பூட்டி முடுக்கிக்கொண்டு போனார்கள். வேலை முடியும்வரை உள்ளே காற்றை அழுத்தி அடைத்து ஆற்றை வெளியே நிறுத்தினார்கள். அடியில் காகிதம் திணித்த டம்ளரைக் கவிழ்த்து, வாளித் தண்ணீரில் நேராக அமுக்கச் சொல்லுங்கள். காகிதம் நனையாது.

பொறியாளர்களைத் தூங்கவிடாதது காற்றுதான். ஹட்சனுக்கு அடியில் 1908 முதலே மின்சார ரயில் ஓடியது. அது புகை விடாது, கார் விடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது: நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். எவ்வளவு தாங்கலாம்? யேல் பல்கலைக்கழகத்தில் மூடிய அறையில் ஆட்களை உட்காரவைத்து, வாயுவை அளந்து விட்டுப் பார்த்தார்கள். பத்தாயிரம் பங்கு காற்றில் நான்கு பங்குதான் எல்லை என்று முடிவாயிற்று.

ஒரு முனையில் ஊதி மறுமுனையில் வெளியேற்றினால் நடுவில் புயலடிக்கும். தீப்பிடித்தால் சுவாலை நெடுக ஓடும். ஆகவே குழலைக் குறுக்கே ஊதினார்கள். நல்ல காற்று சாலைக்கு அடியிலிருந்து ஓரத்துத் துளைகள் வழியே வரும், புகை கூரைத் துளைகள் வழியே போகும். நான்கு கட்டடங்களில் 84 விசிறிகள். ஒன்றரை நிமிடத்தில் உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறிவிடும்.

நான் தொழில் பழகிய அச்சகத்தில் ஒரே விசிறி, முதலாளியின் தலைக்கு மேல். எழுத்துக் கோப்பவர்கள் பக்கம் காற்று மாறியது ஆயுத பூஜைக்குக் கதவைக் கழற்றிக் கழுவும்போதுதான். இன்னொரு விசிறி கேட்டால் காகிதம் பறக்கும் என்பார். பறக்காமலிருக்க ஈயக் கட்டையை வைக்கலாமே என்றேன். ஈயம் தேயும் என்றார்.

ஹாலந்து என்பது இங்கே நாடல்ல, தலைமைப் பொறியாளர் கிளிஃபோர்ட் ஹாலந்து. இரு கரையிலிருந்தும் தோண்டி வந்தவர்கள் சந்திக்க ஓரிரு நாள் இருக்கும்போது, 1924இல், 41 வயதில் இறந்துபோனார். அடுத்து வந்த மில்டன் ஃப்ரீமனும் சில மாதங்களில் போய்விட்டார். 1927 நவம்பர் 13 அன்று சுரங்கம் திறந்தபோது பொறுப்பில் இருந்தவர் ஓலே சிங்ஸ்டாட். குறுக்கே ஊதும் யோசனை அவருடையது.

குழந்தைத் தமிழில் எழுதவில்லை, மன்னிக்கவும். எட்டு வயதுக்குக் கார்பன் மோனாக்சைடு புரியும், 'செல்லக்குட்டிகளே' என்று தொடங்கினால்தான் எழுந்து போய்விடுவார்கள். சிங்ஸ்டாட் நார்வேயில் பிறந்தவர். அவரும் மதுரைக்காரர்தான் என்று புலவர் நிறுவட்டும், பெட்டியில் இன்னும் இடமிருக்கிறது.