ஐபி படிக்க வேண்டும் என்கிறாள் மகள்: எந்த ஐபி?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். பள்ளி இறுதி வகுப்பை முடிக்கவிருக்கும் மகள் ‘ஐபி’ துறைக்குப் போக வேண்டும் என்கிறாள். நீங்கள் அதைக் கணினி வலையமைப்பு என்று எண்ணிக் கல்லூரிகளை விசாரிக்கத் தொடங்கிவிட்டீர்கள். உங்கள் மைத்துனர் அது சட்டப் படிப்பு என்று அடித்துச் சொல்கிறார். மகளைக் கேட்டால், சிப் வடிவமைப்பு நிறுவனத்தில் ‘ஐபி இன்ஜினியர்’ ஆவதைப் பற்றிப் பேசுகிறாள். வீட்டில் ஒருவருக்கும் விவரம் தெரியவில்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். வருந்தத் தேவையில்லை, மூவர் சொன்னதும் சரிதான். ஒரே இரண்டு எழுத்துகளை மூன்று தொழில்கள் தங்களுடையதாக வைத்திருக்கின்றன. மூன்றுக்கும் சேர்க்கைத் தகுதியும், அன்றாட வேலையும், அதற்கு வேண்டிய மன இயல்பும் வேறு வேறு என்பதால், விண்ணப்பம் நிரப்புவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

மைத்துனர் சொல்லும் ஐபி, இன்டலெக்சுவல் ப்ராப்பர்ட்டி, அதாவது அறிவுசார் சொத்து. காப்புரிமை, பதிப்புரிமை, வணிகக்குறி, தொழில் வடிவமைப்பு, வணிக ரகசியம் ஆகியவை இதில் அடங்கும். 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையும் 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையும் இதன் பன்னாட்டு அடித்தளங்கள். உலக வணிக அமைப்போடு 1995இல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்து பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தம், காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டுக் காலப் பாதுகாப்பை உறுப்பு நாடுகளுக்குப் பொதுவாக்கியது. இத்துறைக்குச் சட்டப் பட்டம் ஒன்றே வழி என்று பெரும்பாலான பெற்றோர் எண்ணுகிறார்கள். வணிகக்குறி, பதிப்புரிமை வழக்குகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. காப்புரிமைக்கோ பல நாடுகளில் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் உள்ளவர்களே காப்புரிமை முகவர் தேர்வை எழுத முடியும். ஒரு மருந்து மூலக்கூறு உண்மையிலேயே புதியதா என்று சொல்ல வேதியியல் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? இந்த வேலையில் ஒருவருடைய நாள் முழுவதும் வாசிப்பிலும் எழுத்திலும் போகும். கண்டுபிடிப்பில் எது தனக்குரியது என்று எல்லை வகுக்கும் உரிமைக்கோரல் பத்தியில் ஒரு சொல் மிகப் பரந்த பொருளில் அமைந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். குறுகலாக அமைந்தால் போட்டியாளர் பக்கவாட்டில் நழுவிவிடுவார். சொல்லின் மீது இத்தனை பொறுமை இல்லாதவர்களை நான் இப்பக்கம் அனுப்புவதில்லை.

நீங்கள் நினைத்த ஐபி, இன்டர்நெட் புரோட்டோகால் எனப்படும் இணைய நெறிமுறை, அதாவது கருவிகளுக்கு முகவரி தந்து அவற்றிடையே தரவைக் கொண்டுசேர்க்கும் விதித்தொகுப்பு. விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் வித்து இருந்தது. 1981இல் நான்காம் பதிப்பின் விதிமுறை வெளியானது. அந்தப் பதிப்பின் முகவரி 32 பிட் நீளமுடையது என்பதால் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே கிடைத்தன. அவை போதாமல் போனதால்தான் 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு வந்தது. இரண்டும் இன்னும் அருகருகே இயங்குவதால், இரண்டையும் கையாளத் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. ‘ஐபி நெட்வொர்க்’, ‘வாய்ஸ் ஓவர் ஐபி’, ‘ஐபி கேமரா’ என்று விளம்பரங்களில் வருபவை எல்லாம் இந்தக் குடும்பம். ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் ஆகிய வலையமைப்புக் கருவிகளை அமைப்பதும், பழுது நேர்ந்தால் நள்ளிரவானாலும் எழுந்து சரிசெய்வதும் இதன் அன்றாடம். இரவுப் பணி பிடிக்காது என்று மகள் சொன்னால் அதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் சொல்லும் ஐபிதான் பெற்றோரை அதிகம் குழப்புவது, ஏனென்றால் அதன் விரிவும் அறிவுசார் சொத்துதான். சிப் வடிவமைப்பில் ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு நிறுவனமும் முதலிலிருந்து செய்வதில்லை. யூஎஸ்பி இணைப்பைக் கையாளும் பகுதி, நினைவக இடைமுகம், செயலி மையம் போன்றவற்றை ஒருவர் வடிவமைத்துச் சோதித்து வைத்திருப்பார்; மற்றவர்கள் உரிமம் பெற்றுத் தங்கள் சிப்பில் பொருத்திக்கொள்வார்கள். உரிமம் பெற்றுப் பயன்படுத்தப்படுவதால் அந்தப் பகுதிக்கே ‘ஐபி’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டத்தில் உரிமையைக் குறித்த சொல், தொழிற்கூடத்தில் பொருளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. 1990இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஆர்ம் நிறுவனம், செயலிகளைத் தானே உற்பத்தி செய்து விற்காமல், வடிவமைப்புகளுக்கு உரிமக் கட்டணமும் ராயல்டியும் பெறும் இந்த முறையிலேயே வளர்ந்தது. இங்கே ‘ஐபி இன்ஜினியர்’ என்பவர் வெரிலாக் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதுபவராகவோ, எழுதியது சரியாக இயங்குகிறதா என்று சரிபார்ப்பவராகவோ இருப்பார். பின்னதற்குத் தேவைப்படும் ஆட்கள் அதிகம். மாணவர்கள் அதை மட்டமாக நினைப்பது எனக்குப் புரிந்ததே இல்லை. மின்னணுவியல், மின்னியல் அல்லது கணினிப் பொறியியல் பட்டம் வேண்டும். சட்டப் பட்டம் இதற்கு உதவாது. அதே நிறுவனத்தில் காப்புரிமைகளைக் கவனிக்கும் இன்னொரு ‘ஐபி குழு’வும் இருக்கக்கூடும். ஒரே கட்டடத்தில் இரண்டு ஐபி குழுக்கள் இருக்கும்போது, மாணவர் எதற்கு விண்ணப்பிக்கிறார் என்பதை ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் அறிய முடியும்.

இவை தவிர வேறு ஐபிக்களும் உண்டு. மருத்துவமனைப் பதிவேட்டில் அது உள்நோயாளி. சோதனைக்கூட விலங்குகளுக்கு மருந்து செலுத்தும் குறிப்பில் அது வயிற்று உட்குழிக்குள் செலுத்துதல். இந்தியாவில் விற்கும் மாத்திரை அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் வந்தால் அது அந்நாட்டின் மருந்துத் தரநூலான இந்தியன் பார்மகோபியா. கணிதம் படித்தவர்களுக்கு முழு எண் நிரலாக்கம். கைப்பேசிப் பெட்டியில் ஐபி67 என்றிருந்தால், 6 தூசு சற்றும் உட்புகாது என்பதையும், 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதையும் சொல்கிறது. இதன் விரிவு இன்கிரஸ் புரொடக்‌ஷன் என்று சிலரும், இன்டர்நேஷனல் புரொடக்‌ஷன் என்று சிலரும் சொல்வார்கள். துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. இணையத் திருட்டு வழக்கொன்றில் பதிப்புரிமை வழக்கறிஞர் எதிர்த்தரப்பை அவருடைய இணைய நெறிமுறை முகவரியைக் கொண்டு தேடும்போது, ஒரே கோப்பில் இரண்டு ஐபிக்கள் சந்திக்கின்றன.

ஆகவே மகளோடு சேர்ந்து விளம்பரங்களைப் படிக்கும்போது அந்த இரண்டு எழுத்துகளை மறைத்துவிட்டு, மற்ற வரிகளில் உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். வரைவு எழுதுதல், தாக்கல் செய்தல், தேடல் அறிக்கை எழுதுதல் என்று வந்தால் அது சட்டத்தின் பக்கம். நிறுவுதல், கண்காணித்தல், பழுதுநீக்குதல் என்று வந்தால் வலையமைப்பு. ஒருங்கிணைத்தல், சரிபார்த்தல், கணினியில் மாதிரியாக இயக்கிப் பார்க்கும் சிமுலேஷன் என்று வந்தால் சிப். படிப்புகளுக்கும் இதே சோதனை பொருந்தும்: தலைப்பை நம்பாமல் முதல் இரண்டு பருவங்களின் பாடப் பட்டியலையும், சேர்க்கைக்கு எந்தப் பாடங்கள் கட்டாயம் என்பதையும் பார்க்க வேண்டும். மின்னணுவியல் அடிப்படையே இல்லாத ‘ஐபி டிப்ளமா’ ஒன்றில் சேர்ந்துவிட்டு, அது சிப் வடிவமைப்புக்குக் கொண்டுபோகும் என்று காத்திருப்பது ஓராண்டை வீணாக்கும்.

பின்னாளில் தன்விவரக் குறிப்பு எழுதும்போதும், முதன்முறை வரும் இடத்தில் முழுப் பெயரை எழுதி அதன் பிறகே சுருக்கத்தைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். முதலில் அதைப் படிப்பவர் பெரும்பாலும் மனிதவளத் துறை ஊழியர். சில இடங்களில் மென்பொருள். இருவருக்கும் சுருக்கத்தை ஊகிக்கும் கடமை இல்லை. நேர்காணலில் கேள்வியாளர் ஒரு சுருக்கெழுத்தைச் சொன்னால், ‘எந்தப் பொருளில் கேட்கிறீர்கள்?’ என்று கேட்பதில் இழுக்கில்லை. தவறான பொருளில் பத்து நிமிடம் பதில் சொல்வதில்தான் சங்கடம்.

சிப் துறைதான் என்று மகள் உறுதியாக இருந்தால், எண்முறைத் தருக்கச் சுற்றுகள் பற்றிய ஒரு தொடக்கப் பாடத்தை இந்த விடுமுறையில் படித்து, இலவசச் சிமுலேட்டர் ஒன்றில் சிறு கூட்டல் சுற்றொன்றை அமைத்துப் பார்க்கட்டும். அது முதல்முறை தவறாக இயங்கும். தவறு எங்கே என்று தேடும் இரண்டு மணி நேரம் அவளுக்கு எப்படிப் போனது என்பதை எனக்கு எழுதுங்கள்; கல்லூரிப் பட்டியலை அதன் பிறகு சேர்ந்து பார்க்கலாம்.