பிழைக்க வந்தவர்களுக்கு அரசு மருத்துவமனையில் இந்திப் பலகை எதற்கு? அவர்கள் தமிழ் கற்றுக்கொள்ளக் கூடாதா?

கேள்வி கேட்டவர் அநேகமாக அம்மாவையோ அப்பாவையோ அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருப்பார். ஓ.பி. சீட்டு வரிசையில் முன்னால் நாலைந்து வடமாநிலப் பையன்கள் நின்றிருப்பார்கள். கவுன்டரில் இருந்தவர் பெயர், வயது வாங்குவதற்குள்ளேயே திணறிப்போயிருப்பார். அந்த அரை மணி நேரக் கடுப்பில் வந்த கேள்வி இது என்று நினைக்கிறேன். கடுப்பு நியாயம்தான். ஆனால் நான் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் என்பதால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருப்பூரில் காசநோய்ப் பிரிவில் களப்பணி. வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, லைன் வீடு லைன் வீடாகப் போய், நோயாளி மாத்திரை சாப்பிடுகிறாரா, சாப்பிடுவதுபோல் நடிக்கிறாரா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

இதைப் படித்ததும் "வந்துட்டான்டா இந்திக்கு வக்காலத்து வாங்க" என்று சிலர் கிளம்புவீர்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மும்மொழிக் கொள்கையில் உடன்பாடு கிடையாது. என் பையன் கட்டாயமாக இந்தி படிக்க வேண்டும் என்று எவர் சொன்னாலும் சண்டைக்குப் போவேன். பேங்கில் கவுன்டர்காரர் என்னிடம் இந்தியில் பேசினால் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். புரியாத மொழியில் ஒருவர் நம்மிடம் பேசி அனுப்பும்போது வருகிற அந்த அவமானம் நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த நாமே அதை இன்னொருவனுக்குச் செய்துவிட்டு, கொள்கை என்று பெயர் வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தவிர, வடக்கிலிருந்து வருகிறவர்கள் எல்லாருமே இந்திக்காரர்கள் என்று நினைத்துக்கொள்வதும் நம் பக்கத்துத் தப்பு. எங்கள் ஏரியாவில் ஒடிசா, வங்காளம், அசாம், ஜார்கண்ட் ஆட்கள் ஏராளம். பீகார்க்காரர்களே வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசுகிறவர்கள். மேற்கு ஒடிசாவில் பேசுவது சம்பல்புரி. இவர்களில் பாதிப் பேருக்கு இந்திப் பலகை வைத்தாலும் நம் தமிழ்ப் பலகை வைத்தாலும் ஒன்றுதான்.

அப்புறம், "தமிழ் கற்றுக்கொள்ளட்டுமே". கற்றுக்கொள்கிறார்கள் சார். பனியன் கம்பெனியில் சேர்ந்த ஆறு மாதத்தில் பீஸ் ரேட்டு, டஜன், சம்பளம், அட்வான்ஸ், லீவு எல்லாம் நம்மைவிடத் தெளிவாகப் பேசுவார்கள். கெட்ட வார்த்தைகள் அதற்கும் முன்பே வந்துவிடும். ஆனால் வலி நெஞ்சில் எந்த இடத்தில், குத்துகிறதா அழுத்துகிறதா, சளியில் ரத்தம் வந்தது எப்போது என்று சொல்லத் தேவைப்படும் தமிழ் கடைசியாகத்தான் வரும். என் பெரியப்பா தாராவியில் முப்பது வருடம் இருந்தவர். மராத்தியில் பேரம் பேசுவார், சண்டை போடுவார். சர்க்கரை நோய் வந்தபோது தமிழ் தெரிந்த டாக்டரைத் தேடித்தான் போனார். அவரை யாரும் நன்றிகெட்டவர் என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி பெயர், ஏரியா பெயர் சொல்ல மாட்டேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

ஒடிசாவில் பலாங்கீர் பக்கத்துப் பையன். இருபத்திரண்டு வயது இருக்கும், செக்கிங்கில் வேலை. இரண்டு மாதமாக இருமல். மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்துக் குடித்து எலும்பும் தோலுமாகிவிட்டான். கடைசியில் சூப்பர்வைசர்தான் கூட்டி வந்தார். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. சூப்பர்வைசருக்கு இந்தி தெரியும், பையனுக்கும் கொஞ்சம் தெரியும், ஆகவே அவரே மொழிபெயர்ப்பாளர். நர்ஸ் அக்கா பொறுமையாக எல்லாம் சொன்னார். ஆறு மாதம் தினமும் சாப்பிட வேண்டும், காலையில் வெறும் வயிற்றில், உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, சிறுநீர் ஆரஞ்சு கலந்த சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்படாதே, கண் மஞ்சளானால் உடனே ஓடி வா. நல்ல ஐந்து நிமிடப் பேச்சு. சூப்பர்வைசர் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையனிடம் இந்தியில் சொன்னது ஒரே வரி: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு, இல்லையென்றால் ஊருக்கு அனுப்பிவிடுவேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கே அது புரிந்தது. "அவ்வளவுதானுங்களா சொன்னீங்க?" என்று கேட்டேன். "சொல்லிட்டனுங்க சார், அவனுக்கு எல்லாம் புரியுமுங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வெளியே போய்ப் பையனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் கவலையெல்லாம் ஷிப்மென்ட் தேதி.

ஒரு நாள் அறைக்குப் போனேன். எட்டுப் பேர் தங்குகிற தகர ஷீட் அறை, பகல் ஷிப்ட் ஆட்கள் எழுந்து போன பாயிலேயே நைட் ஷிப்ட் ஆட்கள் வந்து படுப்பார்கள். மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொன்னேன். அரிசிப் பைக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தான். முதல் நாலைந்து நாள் மாத்திரைதான் காலி. மீதி அப்படியே அடுக்கி இருக்கிறது, ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். இந்தியில் கேட்டேன், சைகையில் கேட்டேன், ம்ஹூம்.

பக்கத்துத் தெருவில் ஒடிசா ஆட்களுக்கென்றே ஒரு பெட்டிக்கடை உண்டு. அவல், கடுகு எண்ணெய், ரீசார்ஜ். அதை நடத்துகிற அக்காவும் அதே பக்கத்து ஊர்தான். ரொம்ப வருடத்துக்கு முன் கணவரோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நம்மைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவார். அவரைக் கூப்பிட்டு வந்தேன். வாசலில் நின்றபடியே அவனிடம் பேச ஆரம்பித்தார். பையன் அழுதான். "இவன் ரத்தமா ஒண்ணுக்குப் போச்சுன்னு பயந்துட்டானுங்க தம்பி. மாத்திரை உள்ளார எல்லாத்தையும் அரிச்சுப் போட்டுதுன்னு நெனச்சுக்கிட்டானாமா. சூப்பரைசருகிட்டச் சொன்னா ஊருக்கு வண்டி ஏத்தி உட்டுருவாரு, அக்கா கல்யாணத்துக்கு வாங்குன கடன் கெடக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லலீங்களாமா" என்றார்.

ரிஃபாம்பிசின் என்கிற மருந்து செய்கிற வேலை அது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் சிவக்கும், சிலருக்கு வேர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறும். ஆபத்து எதுவும் இல்லை. முன்கூட்டியே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லாவிட்டால், தனியாகக் கழிப்பறையில் நின்று அதைப் பார்க்கிற இருபத்திரண்டு வயதுப் பையன் என்ன நினைப்பான்? நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். இப்படி நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு கொடுக்கிற மருந்துகள் வேறு, பக்க விளைவுகளும் அதிகம். அவனோடு முடிகிற கதையும் இல்லை, அந்த அறையில் மீதி ஏழு பேர் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்கள் வேலை செய்கிற கம்பெனியில் நம் வீட்டுப் பெண்களும்தான் வேலை செய்கிறார்கள். "அவங்களுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தக் கடைசி வரி. மற்றவர்களுக்கு அது தேவைப்படாது என்று நம்புகிறேன்.

காசநோய் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். படித்தவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? எனக்குப் பெண் பார்த்தபோது ஒரு இடத்தில் ஜாதகம், வீடு, காடு எல்லாம் ஒத்துப்போய், என் வேலை டி.பி. பிரிவில் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டார்கள். பெண்ணின் அப்பா பள்ளி ஆசிரியர். "மாப்பிள்ளைக்கு ஒட்டிக்கிட்டிருந்தா?" என்று புரோக்கரிடம் கேட்டாராம். இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் குடிக்காமல் போகிற சொந்தக்காரர்கள் உண்டு. டம்ளரில் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை அது, காற்றில் பரவுவது. தமிழில் அச்சடித்த நோட்டீஸ் எல்லாத் தெருவிலும் இருந்தும் நமக்கே இது ஏறவில்லை. போகட்டும், பிறகு நல்ல இடத்தில்தான் அமைந்தது.

அன்றைக்கு அந்த அக்காவை அவர்கள் பேச்சிலேயே நர்ஸ் சொன்ன அத்தனையையும் பேசச் சொல்லி என் போனில் பதிவு செய்துகொண்டேன். மருந்துக்குக் காசு வேண்டாம் என்பதையும், ஊருக்குப் போவதாக இருந்தால் முன்பே சொன்னால் அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டோம். நிக்ஷய் என்கிற கணினிப் பதிவில் நோயாளிக்கு ஒரு எண் உண்டு, அதை வைத்து இந்தியாவில் எந்த மாவட்டத்துக்கும் சிகிச்சையை மாற்றலாம். இந்த ஒரு தகவல் தெரியாமல், திருவிழாவுக்கு தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்குப் போய் மருந்தை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுக்கென்று அரசு தருகிற தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய், முன்பு 500. அதுவும் பலருக்குத் தெரியாது. ஒடியா, வங்காளி, இந்தி, எல்லாவற்றிலும் இப்படிப் பேச்சுப் பதிவு வைத்திருக்கிறேன். எழுத்தாகக் கொடுத்தால் பையில் போட்டுக்கொள்வார்கள். குரலாக அனுப்பினால் அறையில் உள்ள எட்டுப் பேரும் கேட்பார்கள். அந்தப் பையன் சிகிச்சையை முழுதாக முடித்தான்.

அவர்களிடம் தகவலே போவதில்லை என்று நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, ஞாபகம் இருக்கிறதா? அவையெல்லாம் அவர்கள் மொழியில், அவர்கள் போனுக்கே வந்து சேர்ந்தன. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்து, நம் போலீஸ் வழக்குப் போட்டு, மாவட்ட நிர்வாகம் உதவி எண் அறிவித்து இந்தியில் பேசிய பிறகுதான் அடங்கியது. என் பட்டியலில் இருந்த சிலர் அந்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறியவர்கள்தான். வதந்திக்கு இருக்கிற மொழி அக்கறை நம் சுகாதாரத் துறைக்கும் இருக்கக் கூடாதா என்று அப்போது நொந்துகொண்டேன்.

வேலூர் போயிருக்கிறீர்களா? வைத்தியத்துக்கு வங்காளிகள் வந்து குவிகிற சி.எம்.சி. மருத்துவமனை எதிரில் காந்தி ரோட்டில் லாட்ஜ், ஹோட்டல், மருந்துக்கடை எங்கே பார்த்தாலும் வங்காளி எழுத்து. ஆட்டோக்காரர் வங்காளியில் பேரம் பேசுவார். அதனால் வேலூரில் தமிழ் அழிந்ததாக யாரும் கட்டுரை எழுதவில்லை. வருகிறவர் காசு செலவழிப்பவர், அதனால் அவர் மொழி நமக்கு உறுத்தவில்லை. பனியன் தைப்பவனுக்கு என்றால் மட்டும் கொள்கை ஞாபகம் வருகிறது. நம்மவர்கள் ஆஸ்திரேலியா போனால் 131 450 என்ற எண்ணில் கூப்பிட்டு, டாக்டருக்கும் நமக்கும் நடுவே தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். சிட்னியில் இருக்கிற என் சித்தி பையன், அத்தையை அப்படித்தான் டாக்டரிடம் காட்டினான், பெருமையாகவும் சொன்னான். "பிழைக்கத்தானே போனீங்க, இங்கிலீஷ் கத்துக்கிட்டுப் போறதுதானே" என்று நாம் யாரும் கேட்கவில்லை.

கேரளாவைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் சொல்லித்தர 2017-இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். எர்ணாகுளத்தில் 'பந்து கிளினிக்' என்ற வண்டி 2020 முதல் தொழிலாளர்கள் தங்குகிற இடத்துக்கே போய் வைத்தியம் பார்க்கிறது. அதாவது கேரளாவில் மலையாளமும் கற்றுத்தருகிறார்கள், நோய் என்று வந்தால் தொழிலாளர்களின் மொழியிலும் பேசுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கம்பெனி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 1979-இல் வந்த மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே, ஒப்பந்ததாரர் மருத்துவ வசதியை இலவசமாகத் தர வேண்டும் என்று சொன்னது. அதை முழுதாகச் செய்யாவிட்டாலும் போகிறது, டாக்டரிடம் பேசும்போது உங்கள் சூப்பர்வைசரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லுங்கள். முதலாளியின் ஆள் பக்கத்தில் நின்றால் எந்தத் தொழிலாளியும் உண்மையைச் சொல்ல மாட்டான். காசநோய் சந்தேகம் என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழ் தாண்டிப் பிற மொழிகளிலும் பேசலாம், அதை அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பலகை வைப்பது தேவையா என்று கேட்டீர்கள். வைக்கட்டும், ஒடியாவிலும் வங்காளியிலும் சேர்த்து வைக்கட்டும், தமிழ் மேலே பெரிதாகவே இருக்கட்டும். ஆனால் பலகை, ஆள் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் ஆளைத்தான் கேட்பேன். அந்தக் கடை அக்கா மாதிரி ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் ஓ.பி.யில் உட்கார்ந்தால் போதும். அவருக்கு ஒரு சின்ன மதிப்பூதியம் கேட்டு மேலே எழுதினேன். இதற்குச் செலவுத் தலைப்பு இல்லை என்று கோப்பு திரும்பி வந்துவிட்டது. மறுபடி எழுதியிருக்கிறேன். அதுவரை ரீசார்ஜ் அவர் கடையில்தான் செய்துகொள்கிறேன்.