கறுப்பினப் பெண்ணியம் படிக்க நோட்ஸ் வாங்கலாமா?

கேள்வி: மகள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணியம் பற்றி புராஜெக்ட் செய்கிறாள். இருபது புத்தகங்களுக்குப் பட்டியல் தந்திருக்கிறார்கள், வாங்க வசதியில்லை. ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து நோட்ஸ் 900 ரூபாய்க்குத் தருகிறார்களாம். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இருபதும் வேண்டாம், மூன்று போதும்.

முதலில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் 2000-ல் எழுதிய 'ஃபெமினிசம் இஸ் ஃபார் எவ்ரிபடி'. பெண்ணியம் என்றால் என்ன என்று கேட்பவர் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் இல்லையே என்ற ஆதங்கத்தில் எழுதியது. ஆங்கிலம் எளிமையாகவே இருக்கும். அப்புறம் அவரே 1981-ல் எழுதிய 'எய்ன்ட் ஐ எ வுமன்' ('நான் பெண் இல்லையா?'). மூன்றாவதற்குப் பணமே வேண்டாம். அடிமையாக இருந்த ஹாரியட் ஜேகப்ஸ் 1861-ல் புனைபெயரில் வெளியிட்ட தன்வரலாறு அது, 'இன்சிடென்ட்ஸ் இன் த லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்'. எசமானனிடமிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் மூன்றடி உயரப் பரணில் கிட்டத்தட்ட ஏழு வருடம் ஒளிந்திருந்தார். பலகையில் துளை போட்டு, தெருவில் போகும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் முழுதாக, இலவசமாக இருக்கிறது. இதையே அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு விற்பவர்களிடம் ஏமாற வேண்டாம். என் மாணவி ஒருத்தி அப்படி வாங்கிய பிரதியில் நடுவில் இரண்டு அத்தியாயங்களையே காணோம்.

நோட்ஸ் ஏன் வேண்டாம்? ஒரே உதாரணம் சொல்கிறேன். 1851-ல் ஒஹாயோ மாநிலம் ஆக்ரனில் நடந்த பெண்கள் மாநாட்டில், அடிமையாக இருந்து விடுதலையான கறுப்பினப் பேச்சாளர் சோஜர்னர் ட்ரூத், "நான் பெண் இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதாக எல்லா நோட்ஸிலும் இருக்கும். அந்த வரி, கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய வெள்ளைப் பெண் ஃபிரான்சஸ் கேஜ் பன்னிரண்டு வருடம் கழித்து, 1863-ல் எழுதியதில்தான் வருகிறது. பேசிய சில வாரங்களிலேயே ஒரு பத்திரிகையில் வந்த பதிவில் அது இல்லை. கேஜ் ட்ரூத்துக்குத் தென்மாநில அடிமைப் பேச்சுவழக்கைக் கொடுத்திருக்கிறார். ட்ரூத்தோ நியூயார்க்கில் டச்சு மொழி பேசி வளர்ந்தவர். ட்ரூத்துக்குப் பதின்மூன்று பிள்ளைகள் என்கிறார் கேஜ். பிறந்ததாகத் தெரிவது ஐந்து.

அதற்காக அந்த வரியை மகள் தொடவே கூடாது என்று அர்த்தமில்லை. பெல் ஹூக்ஸே அதைத்தானே தலைப்பாக வைத்தார்! 'கேஜின் பதிவின்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதட்டும். முடிந்தால் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதட்டும். ஒரு கறுப்பினப் பெண்ணின் வாயில் வெள்ளைப் பெண் வார்த்தையை வைத்தது எப்படி என்பதே நல்ல புராஜெக்ட்.

ஒரு பருவத்துக்குள் இருபது புத்தகம் என்று பட்டியல் கொடுத்துவிட்டு, நூலகத்தில் உள்ள ஒரே பிரதியை 'ரெஃபரன்ஸ்' என்று அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தராத புத்தகத்தை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பிள்ளைகள் நோட்ஸ் கடைக்குப் போகாமல் வேறு எங்கே போவார்கள்?

துறைத் தலைவரின் கையெழுத்தோடு நூலகருக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் நடக்காது. பதில் வரும்வரை ஜேகப்ஸைப் படிக்கட்டும், இன்றைக்கே தொடங்கலாம்.