கம்பியடியில் கசியும் நீர்

கேள்வி: பைக் விபத்தில் என் தம்பிக்கு (28) முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி மூன்று வாரமாகிறது. ஒரு கம்பியின் அடியில் நீர் கசிகிறது. மஞ்சள் வைக்கலாமா? இதை எடுத்துவிட்டு உள்ளே கம்பி வைக்கச் சொல்லலாமா?

பதில்: மஞ்சள் வேண்டாம். டெட்டால், பவுடர், நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம்.

கசிவது தெளிந்த நீராகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்து, வலி கூடாமல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கம்பியைச் சுற்றித் தோல் அசைவதால் வருவது அது. சீழ், பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கம்பி ஆடினாலும் அப்படித்தான். ஆடும் கம்பிக்கு மாத்திரை மட்டும் போதாது. பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டியிருக்கும்.

சுத்தம் செய்யும் முறை: சோப்பால் கை கழுவி, மருந்துக் கடை சலைனில் நனைத்த காஸ் துணியால் கம்பியிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் தனித் துண்டு. ஒரு துளையின் கிருமியை அடுத்த துளைக்கு நாமே கொண்டுபோய்விடக் கூடாது. பொருக்கை நகத்தால் பெயர்க்காமல் நனைத்து ஊறவிடுங்கள். பிறகு ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, உலரவிட்டு, தோல் அசையாதபடி காஸை லேசாக அழுத்திச் சுற்றுங்கள். கசிவு நிற்கும்வரை தினமும், நின்றபின் வாரம் ஒருமுறை போதும். கிளாம்ப், நட்டு எதையும் வீட்டில் திருகாதீர்கள்.

உள்ளே கம்பி வைப்பதில் அவசரப்படுத்தாதீர்கள். திறந்த காயத்துக்குள் உலோகம் வைத்தால் கிருமி அதில் குடியேறிவிடும் என்றுதான் முதலில் வெளியே பொருத்தியிருப்பார்கள். மாற்றுவதென்றால் பொதுவாக முதல் இரண்டு வாரத்துக்குள் மாற்றுவதே பாதுகாப்பு. நாள் ஆக ஆகத் துளைகளில் கிருமி தங்கும். உள்ளே செலுத்தும் கம்பி அதை எலும்பு மஜ்ஜைக்குள் தள்ளிவிடக்கூடும். அதனால் இப்போது மாற்ற நினைத்தால், சட்டத்தைக் கழற்றி, மாவுக்கட்டில் வைத்துத் துளைகள் ஆறியபின், கிருமித் தொற்றின் அறிகுறி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் செய்வார்கள். காயம் நன்றாக இருந்தால் இதே சட்டத்திலேயே எலும்பு கூடும்வரை விடுவதும் உண்டு.

தம்பி புகைபிடிப்பவரானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு கூடுவது தாமதமாகும். காலை எவ்வளவு ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பலர் மறப்பது பாதத்தை. இந்தச் சட்டம் பெரும்பாலும் பாதத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. படுத்தே இருந்தால் பாதம் கீழே தொங்கிக் குதிகால் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நார்) சுருங்கிவிடும். எலும்பு கூடினாலும் குதிகால் தரையில் படாது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பாதத்தில் துண்டை மாட்டித் தன் பக்கம் இழுத்து 30 விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, நாளைக்கு நான்கு தடவை.