கடற்கரையில் கல் பார்க்கும் கூட்டம்: நிலவியல் படிக்காதவர் போகலாமா?

கேள்வி: பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரையில் எர்த்கேஷ் ஆட்கள் கூடுகிறார்களாம். எனக்கு நிலவியல் ஒன்றும் தெரியாது. போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா? புதையல் என்று எதைத்தான் தேடுகிறார்கள்?

பதில்: தாராளமாகப் போங்கள். "படிச்சவங்க கூடுற இடத்துல நமக்கு என்ன வேலை" என்று என் அத்தை மகனும் கேட்டான். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் புதையல். ஜியோகேஷிங்கில் ஜி.பி.எஸ். காட்டும் இடத்துக்குப் போய், யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடுவார்கள். எர்த்கேஷில் டப்பாவே கிடையாது. அந்த இடத்துப் பாறை, மணல் பற்றிச் சில கேள்விகள் இருக்கும். பார்த்து, தொட்டு, அளந்து பதில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். 2004-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இதில் கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலை இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "இயற்கையை அழிக்கிறார்கள்" என்று யாராவது கிளம்பி வருவார்கள். தெலுக் பாஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் போனால் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. எங்கள் ஆட்கள் எடுப்பதும் இல்லை.

படிக்காதவர் போனால் என்ன ஆகும் என்பதற்கு, இனி என் அப்பா கதை. அவர் செபராங் பிறையில் ஒரு கல்குவாரியில் வெடிக்குத் துளை போடும் வேலை பார்த்தவர். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. வேலையை விட்ட பிறகு வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். ஒரு ஞாயிறு காலை வற்புறுத்தி இந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன்.

சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து, நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை. ஒரு பூதக்கண்ணாடி கை மாறிக்கொண்டே இருந்தது. பினாங்குத் தீவு பெரும்பாலும் கிரானைட். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் மெதுவாக ஆறி இறுகியது. மெதுவாக ஆறியதால்தான் அதன் கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. சாம்பல் நிறத்தில், உள்ளே வெளிச்சம் இறங்குவது குவார்ட்ஸ். வெள்ளையாக இருந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஒரு முகம் மட்டும் பளிச்சென்று மின்னுவது ஃபெல்ட்ஸ்பார். நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாகக் கழலும் கறுப்பு, மைக்கா.

அன்றைய கேள்வி: இந்தப் பெரிய பாறைகள் ஏன் உருண்டையாக இருக்கின்றன? அலை அடித்து அடித்துத் தேய்ந்தது என்று பல பேர் சொன்னார்கள். அதுவரை வாய் திறக்காத அப்பா மலாயில் கேட்டார்: "அலைதான் உருட்டியது என்றால், எங்கள் குவாரியில் மலைமேல் செம்மண்ணை வாரும்போது உள்ளே உருண்டைக் கல் எப்படி வந்தது?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா விளக்கினார். மண்ணுக்குள் கிடக்கும் கல்லைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும்; அது கையால் நசுக்கினாலே பொடியாகும். அதற்கு அவர் வைத்த பெயர் சொத்தைக் கல். அதைக் கொத்தித் தள்ளினால் நடுவில் உளி ஏறாத உருண்டை இருக்கும்.

ஆசிரியை கைதட்டிவிட்டு மீதியைச் சொன்னார். கிரானைட் முதலில் பெட்டி பெட்டியாக வெடிப்பு விடுகிறது. வெடிப்பில் மழைத்தண்ணீர் இறங்கி ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. மூலைகளுக்கு மூன்று பக்கமும் தாக்குதல் என்பதால் அவை முதலில் கரைகின்றன. நடுக்கல் உருண்டையாக மிஞ்சுகிறது. பிறகு மண் அரித்துப் போனதும் கல் வெளியே தெரிகிறது. கடல் அதைக் கழுவி வைத்திருக்கிறது, உருட்டியது மண்ணுக்குள் நடந்த வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பாறையிடமும் "அங்கிள், இது எந்தப் பக்கம் பிளக்கும்?" என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கையை வைத்துத் தடவிப் பார்த்துச் சொன்னார்.

படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே கணக்கியல் படித்துத்தான் சம்பாதிக்கிறேன். குவாரியில் காலம் தள்ளியவருக்குத் தெரிந்ததும் அறிவுதான் என்கிறேன், அவ்வளவே.

கேட்காத விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகனுக்குக் கல், சிப்பி என்றால் உயிர். அவனை ஒரு தடவைகூட இதற்கு அழைத்துவர முடியவில்லை. ஞாயிறு காலை கணக்கு டியூஷன், மத்தியானம் மலாய் டியூஷன். பத்து வயதுப் பிள்ளை அவன். அறிவியலில் ஏ வாங்க வேண்டுமாம், ஆனால் பாறையைத் தொட்டுப் பார்க்க ஒரு காலைப் பொழுது கிடையாது. அக்காவிடம் இதைப் பேசினால் சண்டைதான் வருகிறது.

சரி, உங்களுக்கு வேண்டியது: ஜார்ஜ் டவுன் ஜெட்டியிலிருந்து (படகுத்துறை) 101-ஆம் எண் பேருந்து பத்து பிரிங்கி வழியாகத்தான் போகும். நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், அப்போதுதான் பாறைகளின் அடிப்பாகம் தெரியும். பாசி வழுக்கும்; ஜப்பான் சிலிப்பர் வேண்டாம், பிடிப்புள்ள காலணி போடுங்கள். அளக்க ஒரு சின்ன ஸ்கேல் போதும், பூதக்கண்ணாடியை அவர்களே தருவார்கள்.