நியான் பலகைக்குக் கீழே

கேள்வி: அமெரிக்காவின் ரூட் 66 நெடுஞ்சாலையோரத்துப் பழைய டைனர்கள், மோட்டல்கள், நியான் பலகைகளின் படங்களைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. வழிப்போக்கர் எல்லாரையும் உறவினர்போல் வரவேற்ற அந்தக் காலத்தைப் பெரிய ஓட்டல் கம்பெனிகள் அழித்துவிட்டனவே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எல்லாரையும் வரவேற்றதாக யார் சொன்னது?

படங்கள் அழகுதான். நியூ மெக்சிகோவின் டூக்கம்கேரி ஊரில் இருக்கும் ‘புளூ ஸ்வாலோ’ மோட்டலின் நீலக் குருவிப் பலகைக்கு நானும் ரசிகன். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டிக் கையால் வளைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு வாயுவை அடைப்பார்கள். நியான் தருவது செம்மஞ்சள் மட்டுமே. நீலத்துக்கு ஆர்கானும் துளிப் பாதரசமும் வேண்டும். இன்றைய எல்.ஈ.டி. பட்டையில் அந்தக் கைவேலை ஏது? ‘100 சதவீதம் குளிரூட்டிய காற்று’ என்று அந்தப் பலகையில் எரிவதைப் பார்த்தால், வெயிலில் வெந்து வந்தவர் வண்டியை நிறுத்தத்தான் செய்வார்.

ஆனால் வந்தவர் கறுப்பர் என்றால், அந்தச் சாலையில் பல இடங்களில் அறையும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் தலை தெரியக்கூடாது என்று வைத்திருந்த ஊர்களும் வழியில் உண்டு. எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்காகவே விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936-ல் ஒரு கையேடு போட வேண்டியிருந்தது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்துதான் கதவுகளைத் திறக்கவைத்தது.

சரி, அழித்தது யார்? முதல் வெட்டு அரசாங்கத்துடையது. 1956 நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி போட்ட விரைவுச் சாலைகள் ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போயின. கம்பெனி ஓட்டல்கள் அவற்றின் இறங்குமுனைகளில் கடை விரித்தன. 1978-ல் அரிசோனாவின் செலிக்மன் ஊருக்கு வெளியே புதுச் சாலை திறந்ததும் கடைத்தெரு வெறிச்சோடியது. 1985-ல் 66 என்ற எண்ணையே நீக்கினார்கள். செலிக்மனில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடில்யோ 1987-ல் பழைய சாலையைக் காக்க ஆள் திரட்டிச் சங்கம் அமைத்திராவிட்டால், நீங்கள் ஏங்குவதற்கு இத்தனை படங்கள் மிஞ்சியிருக்காது.

இன்னொன்று. நாடெங்கும் நொடித்துப்போன மோட்டல்களைக் கடன்பட்டு வாங்கி, குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்து நடத்தியவர்களில் பலர் குஜராத்திப் பட்டேல்கள். அது பொறுக்காத போட்டிக்காரர்கள் சிலர் ‘அமெரிக்கர் நடத்துவது’ என்று தங்கள் வாசலில் பலகை மாட்டினார்கள். எடுபடவில்லை. இன்று அமெரிக்க மோட்டல்களில் ஏறக்குறைய பாதி இந்திய வம்சாவளியினர் கையில். நீங்கள் அங்கே போனால், சாவியை நீட்டுபவர் ‘கேம் சோ’ என்று நலம் விசாரிக்கவும் கூடும்.