ஒயர், குழாய், மோட்டார்: வாங்கியவர்கள் கேட்டவை

கேள்வி: வீட்டு ஒயரிங்கை மாற்றினோம். 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், 90 மீட்டர் காயில், மற்ற கடைகளில் கேட்டதில் பாதி விலைக்குக் கிடைத்தது. இப்போது அயர்ன் பாக்ஸ் போட்டால் பிளக் பாயிண்ட் பக்கம் ஒயர் சூடாகிறது. லோடு கூடுதல் என்கிறார் கடைக்காரர். (மார்த்தாண்டம்)

பதில்: 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் இழுப்பது நாலரை ஆம்பியர்கூட வராது. ஒழுங்கான 1.5 ஒயர் அதற்கெல்லாம் சூடாகக் கூடாது. முதலில் மெயினை அணைத்துவிட்டு பிளக் பாயிண்டின் ஸ்க்ரூ லூசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இறுக்கமாக இருந்தும் சூடு வந்தால் ஒயர்தான் மோசம்.

பிரிக்காத காயில் மிச்சம் இருந்தால் தராசில் வையுங்கள். 90 மீட்டர் 1.5 ஒயரில் கணக்குப்படி 1.2 கிலோ அளவுக்குச் செம்பே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையின் எடை அதற்கு மேல். மொத்தமே ஒரு கிலோதான் நிற்கிறது என்றால் வேறு சாட்சி வேண்டாம். அப்புறம் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர். சுவருக்குள் அதை விட்டுவைக்காதீர்கள்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 694 என்ற எண்ணும், சி.எம்./எல். என்று தொடங்கும் லைசன்ஸ் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் லைசன்ஸ் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். செம்பின் விலை எல்லாக் கடைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் மட்டும் பாதி விலைக்குத் தருகிறார் என்றால் எதைக் குறைத்தார் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: 2 கிலோவாட் கீசரை, கன்வெர்ட்டர் பிளக் மாட்டி 6 ஆம்பியர் பாயிண்டில் ஓட்டலாமா? (குழித்துறை)

பதில்: கூடாது. கீசர் எட்டரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பாயிண்டும் அதற்கென்று தனியாக 2.5 ஒயரும் போட்ட பிறகு ஆன் செய்யுங்கள்.

கேள்வி: குளியலறையில் எல்லாம் பித்தளைக் குழாய் என்று சொல்லி விற்றார்கள். ஒரு வருஷத்திலேயே முலாம் உரிகிறது. கடல் காற்றுதான் காரணமாம். (குளச்சல்)

பதில்: கடல் காற்று முலாமைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் கடற்கரை ஊரில் கடை வைத்திருப்பவர் அதை விற்கும்போதே சொல்ல வேண்டும், புகார் வந்த பிறகு அல்ல. முதலில் அது பித்தளைதானா என்று பாருங்கள். நானும் நாகர்கோவிலில் ஒரு கடையில் 'சுத்தப் பித்தளை' என்று சொன்னதை நம்பி ஒரு செட் வாங்கினேன். பின்னால் ஒருநாள் குழாயைக் கழற்றப் போனால், மரை சுவருக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. ஒடிந்த இடத்தில் மஞ்சளே இல்லை. சுண்ணாம்புக் கட்டி போலச் சாம்பல் வெள்ளையாகப் பொரபொரத்தது. துத்தநாகக் கலவை அது. டைலை உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. குழாய்க்குக் கொடுத்ததைவிட டைல் வேலைக்குக் கொடுத்தது அதிகம்.

கடையிலேயே குழாயைக் கவிழ்த்து உள்பக்கத்தைப் பாருங்கள். முலாம் எட்டாத இடம் மஞ்சளாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கனமும் தெரிய வேண்டும். முலாமுக்கு எத்தனை வருஷ வாரண்டி என்று கேட்டு, பில்லில் 'பித்தளை' என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பில்லில் அப்படி எழுதியிருந்தால் கடைக்காரர் மாற்றித் தந்தே ஆக வேண்டும், விடாதீர்கள். முற்றத்துக்கும் மாடிக்கும் பி.டி.எம்.டி. பிளாஸ்டிக் குழாயே போதும். உப்புக் காற்றில் அது அரிக்காது.

கேள்வி: ஆன்லைனில் அரை எச்.பி. மோனோபிளாக் மோட்டார் வாங்கினேன். கிணற்றில் தண்ணீர் 40 அடிக்குக் கீழே கிடக்கிறது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பழுதான பொருளை அனுப்பிவிட்டார்கள். எங்கே புகார் செய்வது? (அருமனை)

பதில்: எங்கேயும் செய்ய வேண்டாம், பொருளில் பழுதில்லை. மேலே நிற்கும் மோட்டார் தண்ணீரை உறிஞ்சுவது காற்றழுத்தத்தை நம்பி. ஏட்டுக் கணக்கில் அதன் எல்லை சுமார் 34 அடி, நடைமுறையில் 25 அடி தாண்டினாலே சிரமம். அரை எச்.பி.க்குப் பதில் 5 எச்.பி. வாங்கியிருந்தாலும் இதே கதைதான். உறிஞ்சும் ஆழம் எவ்வளவு என்று பொருளின் விவரத்திலேயே போட்டிருப்பார்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் செய்யாமல் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்கிவிட்டு விற்றவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. திருப்பி அனுப்பக் கெடு இருந்தால் இன்றே அனுப்புங்கள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு இறங்கும் என்று அளந்துகொண்டு, ஜெட் மோட்டாரோ கிணற்றுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரோ வாங்குங்கள்.

கேள்வி: "சாமான் எல்லாம் நான் வாங்கிப் போடுதேன் அக்கா" என்று ஒயர்மேன் மொத்தமாக 38,000 ரூபாய் வாங்கினார். பில் தரவில்லை. மூன்று மாதம்தான் ஆகிறது, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை அணைக்க வேண்டிய ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழவே மாட்டேன் என்கிறது. எந்தக் கடை என்று கேட்டால் மழுப்புகிறார். (தக்கலை)

பதில்: முதலில் உயிர், அப்புறம் பணம். டெஸ்ட் பட்டனுக்கு விழாத ஆர்.சி.சி.பி. இருந்தும் இல்லாததுதான். இந்த வாரமே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று உங்கள் கையால் வாங்கி, லைசன்ஸ் உள்ள வேறு ஒருவரைக் கொண்டு மாட்டுங்கள்.

பில் விஷயத்தில் எனக்குப் பல நாள் ஆதங்கம் உண்டு. நம் மாவட்டத்தில் வீடு கட்டுபவர்கள் கல்லுக்கும் மணலுக்கும் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். சுவருக்குள் போகும் ஒயருக்கும் பைப்புக்கும் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு போதும் என்று விட்டுவிடுகிறார்கள். "பில்லு போட்டா வரி கூடும், பாத்துக்கிடுங்க" என்று கவுண்டரில் சொன்னதும் நாமும் தலையாட்டிவிடுகிறோம். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. தள்ளுபடி விலை சொன்னால் அது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிற பணம் உங்கள் லாபம் இல்லை. அந்தப் பொருளுக்குப் பொறுப்பேற்காமல் இருக்கக் கடைக்காரர் கொடுக்கும் கூலி அது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும்; பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் வரை உங்களுக்கு உரிமை உண்டு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் பழுதான பொருளுக்கு அது செல்லும் என்று நினைக்காதீர்கள்.

கமிஷன் இன்னொரு பக்கம். சாமான் வாங்க ஆள் அனுப்பும் ஒயர்மேனுக்கும் பிளம்பருக்கும் சில கடைகள் பங்கு கொடுக்கின்றன. அந்தப் பங்கு உங்கள் பணத்திலிருந்துதான் போகிறது. அவர் பட்டியல் எழுதித் தரட்டும், கடைக்கு நீங்கள் போங்கள். ஒயர்மேனுக்குப் பணம் அனுப்பிய ஜி.பே. பதிவு, வாட்ஸ்ஆப் பேச்சு, ஆர்.சி.சி.பி.யின் மேல் உள்ள எண்ணின் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பில் கையில் இல்லாவிட்டாலும் பணம் கொடுத்ததற்கு இவை சாட்சி. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பேசிப் பாருங்கள். நீங்கள் நம்பி ஏமாந்திருக்கிறீர்கள், உங்கள் மேல் குற்றம் இல்லை.

கேள்வி: மழை பெய்தால் ட்ரிப் ஆகிறது என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேராக லைன் கொடுக்கச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். (பேச்சிப்பாறை)

பதில்: அவரை மாற்றுங்கள், ஆர்.சி.சி.பி.யை அல்ல. எங்கோ ஈரத்தில் கரண்ட் கசிகிறது. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக உள்ள எம்.சி.பி. சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் வெளி விளக்கு, காலிங் பெல், மோட்டார் இணைப்பைப் பாருங்கள். எல்லாம் இறங்கியிருந்தும் விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று பொருள். அதைத் தேட லைசன்ஸ் உள்ளவர் வேண்டும்.

கேள்வி: கணவர் இல்லை, தனியாக நின்று குளியலறை வேலையை முடித்தேன். கீசர் லைனுக்கு வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பைப் என்று சொல்லிப் பணம் வாங்கிய பிளம்பர் சாதாரண வெள்ளை பைப்பைப் போட்டிருக்கிறார். ஜாயிண்ட் இளகி, வெந்நீர் பீய்ச்சி மகளின் கையில் பட்டது. (கருங்கல்)

பதில்: அம்மா, படிக்கவே வேதனையாக இருக்கிறது. சாதாரண யு.பி.வி.சி. பைப் வெந்நீருக்கு ஆனதே அல்ல, சூட்டில் தளர்ந்துவிடும். இது தெரியாத பிளம்பர் இருக்க முடியாது. கீசரை அணைத்து வையுங்கள். பைப்பைக் கழற்றும் முன் அதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்து தெரியும்படி படம் எடுங்கள். பைப் நெடுக வகையும் அளவும் அச்சிட்டிருக்கும், சி.பி.வி.சி. என்றால் அந்தப் பெயரோடு பெரும்பாலும் ஐ.எஸ். 15778 என்றும் இருக்கும். கழற்றிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். மகளுக்கு வைத்தியம் பார்த்த சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

பிளம்பருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போனால் போதும். ஆனால் தள்ளிப் போடாதீர்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் மறுபடி எழுதுங்கள், எழுதித் தருகிறேன்.

கேள்வி: கிணற்று மோட்டார் 'உம்' என்று சத்தம் மட்டும் போடுகிறது, சுற்றவில்லை. ரீவைண்டிங் செய்ய வேண்டும் என்கிறார்கள். (மணவாளக்குறிச்சி)

பதில்: உடனே அணையுங்கள், சுற்றாமல் கரண்ட் ஏறினால் நல்ல வைண்டிங்கும் எரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறிப் பக்கத்துத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் துரு. லேசாகச் சுற்றினால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். கழற்றும் முன் பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் தொட வைத்து மிச்சக் கரண்டை வடியுங்கள். அதில் எழுதியிருக்கும் அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட்டில் புதிது வாங்கி மாட்டுங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடியும். அதற்கும் சுற்றவில்லை என்றால் ரீவைண்டிங்குக்குக் கொடுங்கள், செம்புக் கம்பி என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு.